ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு, கையில் வேலை இல்லாத நேரத்தில் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தான்: "இன்டர்வியூ முடிஞ்சு பதில் வரலைன்னா கிடைக்கலைன்னு அர்த்தம் சார். இதுகூடப் புரியாத ஆளை எப்படி ஜெனரல் மேனேஜர் ஆக்குறது?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்று ஏதாவது ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் நாற்காலியில் இருப்பவர்கள். என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான். அதனால் உரிமையோடு சொல்கிறேன்: அந்தப் பேச்சு தப்பு. புத்திசாலித்தனம் போலத் தோன்றும் தப்பு.

நான் சொல்லப்போவது பெரிய பதவிகளுக்கான நேர்காணலைப் பற்றி. பிளான்ட் ஹெட், ஜெனரல் மேனேஜர், வைஸ் பிரசிடென்ட் என்கிறார்களே, அவை. வயது நாற்பதைத் தாண்டியவர்கள் போகும் நேர்காணல். கல்லூரி முடித்த பிள்ளைகளின் கதை வேறு, அதை இன்னொரு நாள் பேசலாம்.

என் மாணவன் ஒருவன். பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். வயது 47. பாலிடெக்னிக் முடித்து, ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே ஏ.எம்.ஐ.இ. எழுதித் தேறி, படிப்படியாக வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தி மேலாளராக இருக்கிறான். இவன் எங்கும் விண்ணப்பம் போடவில்லை. ஆள் தேடிக் கொடுக்கும் ஏஜென்சி மூலமாக அவர்களே கூப்பிட்டார்கள். முதலில் போனில் ஒரு பேச்சு. பிறகு வீடியோவில் ஒன்று. பிறகு மனப்பாங்கு அறியும் தேர்வு என்று கணினியில் ஒரு மணி நேரம். பிறகு சென்னைக்கு நேரில் வரச் சொன்னார்கள். இருக்கிற கம்பெனியில் "மாமியாருக்கு உடம்பு சரியில்லை" என்று பொய் சொல்லி லீவு எடுத்துப் போனான். ஐந்தாவது சுற்றில், "நீங்கள் பொறுப்பேற்றால் முதல் நூறு நாளில் என்ன செய்வீர்கள்" என்று திட்டம் கேட்டார்கள். மூன்று சனி ஞாயிறு வீட்டில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்து 34 பக்கம் தயார் செய்தான். எந்த மெஷினை எங்கே நகர்த்தினால் எவ்வளவு நேரம் மிச்சம், கழிவு எங்கே உண்டாகிறது என்பது வரைக்கும் எழுதிக் கொடுத்தான். ஆறாவது சுற்று, மனைவியோடு இரவு விருந்து. கிளம்பும்போது ஒரு டைரக்டர் முதுகில் தட்டி, "ஹெச்.ஆர். ஒரு வாரத்தில் பேசுவாங்க" என்றார்.

நான்கு மாதம் ஆயிற்று. யாரும் பேசவில்லை.

அந்த நான்கு மாதத்தில் அவன் வீட்டில் என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள். இருக்கிற கம்பெனியில் புனே ஆலைக்குப் பதவி உயர்வோடு போகச் சொன்னார்கள். "ஒரு வாரத்தில் பேசுவாங்க" என்ற சொல்லை நம்பி, தயங்கித் தயங்கி வேண்டாம் என்று சொன்னான். அந்த இடம் அவனைவிட இளையவருக்குப் போனது. மகள் பத்தாவது முடித்திருந்தாள். எந்த ஊரில் பிளஸ் ஒன் சேர்ப்பது என்று தெரியாமல் பள்ளி திறந்த பிறகும் வீட்டிலேயே இருந்தாள். கடைசியில் லிங்க்ட்இன் பக்கத்தில், அந்த நாற்காலியில் வேறொருவர் பூங்கொத்தோடு நிற்கும் படத்தைப் பார்த்துத்தான் செய்தி தெரிந்தது. என்னிடம் சொன்னான்: "கிடைக்காததுல வருத்தம் இல்ல சார். என்னைவிட நல்ல ஆளா இருக்கலாம். ஆனா ஆறு தடவை எதிரே உட்கார வச்சுப் பேசுனவங்களுக்கு ஒரு போன் போடத் தோணலையே. நான் ஒரு மனுசனாவே தெரியலையா?"

இதைத்தான் "புரியாத ஆள்" என்று சிரிக்கிறீர்கள்.

அந்தக் காலத்துப் பெண் பார்க்கும் சடங்கு உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டு, பெண்ணைப் பாடச் சொல்லிக் கேட்டு, நடக்கச் சொல்லிப் பார்த்து, நகை எத்தனை பவுன் என்று விசாரித்துவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" என்று கிளம்புவார்கள். லெட்டர் வராது. பெண்ணின் அப்பா தபால்காரர் வரும் நேரத்துக்குத் திண்ணையில் வந்து உட்காருவார். வேறு வரன் வந்தால் சரி என்று சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. மாப்பிள்ளை வீட்டாரோ அதே வாரத்தில் இன்னும் இரண்டு வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இன்று நம் வீட்டுப் பெண்ணுக்கு யாராவது அப்படிச் செய்தால் சும்மா விடுவோமா? கண்ணாடி அறை, ஏ.சி., ஆங்கிலம் என்று இருந்துவிட்டால் மட்டும் அதே காரியம் எப்படி நாகரிகம் ஆகிவிடும்?

குழுவில் எனக்குச் சொன்ன சமாதானங்களைப் பார்ப்போம்.

நேரம் இல்லை என்றார்கள். ஒரு விளம்பரத்துக்கு மூவாயிரம் பேர் விண்ணப்பித்தால் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசிச் சுற்றில் இருப்பது மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். நான்கு பேருக்கு இரண்டிரண்டு வரி. ஊழியர்கள் பிறந்தநாளுக்கு கேக் வெட்டிப் படம் போட நேரம் இருக்கிறதே!

காரணம் சொன்னால் சட்டச் சிக்கல் வரும் என்றார்கள். காரணத்தை யார் கேட்டார்? "வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், நீங்கள் செலவிட்ட நேரத்துக்கு நன்றி." இந்த வரிக்கு எந்த வக்கீல் நோட்டீஸ் விடுவார்?

மூன்றாவதை யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒரு மாணவி மட்டும் தனியாகப் போன் செய்து சொன்னாள். அதுதான் உண்மையான காரணம். முதலாவதாகத் தேர்ந்தெடுத்தவருக்கு இருக்கிற இடத்தில் 90 நாள் நோட்டீஸ் இருக்கும். அந்த 90 நாளில் பழைய கம்பெனி சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அப்படி அவர் வராமல் போனால் இரண்டாவது ஆள் வேண்டும். அவரிடம் "இல்லை" என்று சொல்லிவிட்டால் மறுபடி எந்த முகத்தோடு கூப்பிடுவது? அதனால் மௌனம்.

தொழிலின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் அதை அவரிடமே சொல்லலாமே. "நீங்கள் எங்கள் இரண்டாவது தேர்வு. முதல் நபர் சேருகிறாரா என்பது இந்தத் தேதியில் தெரியும். அதுவரை காத்திருக்க உங்களுக்குச் சம்மதமா?" என்று கேளுங்கள். 47 வயதில் குடும்பம் நடத்துகிற மனிதனுக்கு அதைத் தாங்கும் நெஞ்சு இருக்கும். காத்திருப்பதா, புனேவுக்குப் போவதா என்று அவன் முடிவு செய்துகொள்வான். சொல்லாமல் வைத்திருப்பது, அவன் வாழ்க்கையில் நான்கு மாதத்தை வட்டியில்லாத டெபாசிட்டாக உங்கள் பெட்டியில் பூட்டி வைப்பது. அவன் சம்மதம் கேட்காமல்.

சட்டம் கேட்டால் எல்லோருக்கும் கெடு நினைவில் இருக்கிறது. நிறுவனங்கள் சட்டம் 2013-இல் பிரிவு 203 இருக்கிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிலும் சட்டம் குறிப்பிடும் மற்ற பெரிய நிறுவனங்களிலும் நிர்வாக இயக்குநர், தலைமை நிதி அதிகாரி, கம்பெனி செக்ரட்டரி போன்ற இடம் காலியானால் 6 மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். இதை எந்தக் கம்பெனியாவது மறக்கிறதா? காலி நாற்காலிக்குக் கெடு இருக்கிறது. அதற்காக வந்து போன மனிதனுக்குத்தான் கெடு இல்லை.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணம், நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் டொராண்டோ இருக்கும் இடம், இதற்குச் சட்டமே போட்டுவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் வெளிப்படையாக விளம்பரம் செய்து நேர்காணலுக்கு அழைத்தால், கடைசி நேர்காணல் முடிந்த 45 நாளுக்குள் முடிவெடுத்தாயிற்றா இல்லையா என்பதை வந்தவருக்குத் தெரிவித்தாக வேண்டும். அங்கே கம்பெனிகள் மூடிவிட்டு ஓடவில்லை. அங்கிருந்து இதைப் படிக்கும் நம் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது இங்குள்ள நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள். நம் ஊரிலும் அப்படி ஒரு சட்டம் வரவேண்டும் என்பது என் கட்சி. வரும்வரை மனச்சாட்சி போதாதா என்று கேட்டால், போதவில்லை என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோமே.

இனி மேசையின் இந்தப் பக்கம் உட்காருகிறவர்களிடம் கொஞ்சம் கோபித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"நீங்க எத்தனை இன்டர்வியூவுக்குப் போயிருக்கீங்க சார்?" என்று கேட்பீர்கள். ஒன்றுக்கும் போனதில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதிவு மூப்பில் அட்டை வந்து, சான்றிதழ் சரிபார்த்து வேலைக்கு வந்தவன் நான். ஆனால் முப்பது வருடம் பரீட்சைக்குத் தயார் செய்தவன். பரீட்சை எது, பரீட்சை இல்லாதது எது என்று எனக்குத் தெரியும். பெரிய பதவிக்கான நேர்காணல் பரீட்சை இல்லை. நீங்கள் அதைப் பரீட்சையாக நினைத்துப் போவதால்தான், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை போல வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறீர்கள். கோனார் நோட்ஸ் மாதிரி இணையத்தில் இருக்கும் ஐம்பது கேள்வி பதிலை மனப்பாடம் செய்வது. "உங்கள் பலவீனம் என்ன?" என்றால் "அளவுக்கு மீறி உழைப்பேன்" என்பது. எதிரே இருப்பவர் அதே பதிலை அன்று காலையிலேயே நான்கு பேரிடம் கேட்டிருப்பார்.

நிலம் வாங்கப் போனால் என்ன செய்வீர்கள்? வில்லங்கம் போட்டுப் பார்ப்பீர்கள். பக்கத்து வயல்காரரிடம் விசாரிப்பீர்கள். பத்து வருடம் வேலை பார்க்கப்போகிற கம்பெனிக்கு அதில் பாதியாவது செய்ய வேண்டாமா?

ஆடிட்டராக இருக்கும் நம் மாணவி ஒருத்தி எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் ஆண்டறிக்கை அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். முன்பக்கத்து வண்ணப் படங்களையும் சேர்மன் கடிதத்தையும் தள்ளிவிட்டுப் பின்பக்கம் போங்கள். ஆடிட்டர் அறிக்கையின் இணைப்பில், பி.எப்., இ.எஸ்.ஐ., ஜி.எஸ்.டி. போன்றவற்றை ஒழுங்காகக் கட்டுகிறார்களா, ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கிறதா என்று ஆடிட்டர் எழுதியாக வேண்டும். தொழிலாளியின் பி.எப். பணத்தைக் கட்டாத கம்பெனியில் பிளான்ட் ஹெட் ஆகி, நாளைக்கு அந்தத் தொழிலாளி முகத்தில் எப்படி விழிப்பீர்கள்? அடுத்து, முதலாளி குடும்பத்தின் மற்ற கம்பெனிகளோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்ற குறிப்பு. அதற்கடுத்து வழக்குகள், தரவேண்டி வரக்கூடிய தொகைகள். கடன் வாங்கியிருந்தால் கிரிசில், இக்ரா போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் ஏன் அந்தத் தரம் கொடுத்தோம் என்று காரணம் எழுதி வெளியிடும். இரண்டு மூன்று பக்கம்தான். கம்பெனியின் பலம் பலவீனம் இரண்டும் அதில் இருக்கும்.

இன்னொன்று. அந்த நாற்காலி ஏன் காலியாயிற்று? பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் உயர் நிர்வாகிகள் ராஜினாமா செய்தால், ராஜினாமாக் கடிதத்தைக் காரணத்தோடு 7 நாளுக்குள் பங்குச் சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்று 2023-இல் செபி விதி கொண்டுவந்தது. "சொந்தக் காரணங்களுக்காக" என்றுதான் முக்கால்வாசிக் கடிதம் இருக்கும் என்று அந்த மாணவியே சிரித்தாள். ஆனாலும் மூன்று வருடத்தில் மூன்று பேர் சொந்தக் காரணத்துக்காகப் போயிருந்தால் அது யாருடைய சொந்தக் காரணம் என்று யோசிக்கலாம் அல்லவா!

குடும்பக் கம்பெனி, பங்குச் சந்தையில் இல்லை என்றால்? கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இயக்குநர்கள் யார் என்று தெரியும். சிறு கட்டணம் கட்டினால் தாக்கல் செய்த கணக்கும் கிடைக்கும். அதைவிட, சரக்குக் கொடுக்கும் சப்ளையர் ஒருவரிடம் "பில் பணம் எத்தனை நாளில் வருகிறது" என்று கேளுங்கள். ஆலை வாசலில் டீக்கடை இருக்கும். ஷிப்ட் முடிகிற நேரத்தில் அங்கே ஒரு டீ குடியுங்கள்.

இப்படிப் படித்துவிட்டுப் போகிறவன் கைகட்டி உட்கார மாட்டான். அவனுக்குக் கேட்க விஷயம் இருக்கும். அவனும் அவர்களைத் தேர்வு செய்ய வந்திருக்கிறான் என்பது எதிரே இருப்பவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நூறு நாள் திட்டம் கேட்டால் கொடுங்கள், ஆனால் அளவோடு. எந்தத் திசையில் போவேன், முதலில் எதைப் பார்ப்பேன், என்னென்ன தகவல் வேண்டும் என்று ஐந்தாறு பக்கம் போதும். மெஷினை எங்கே நகர்த்துவது என்பதெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்ல வேண்டியது. என் மாணவனின் 34 பக்கம் இன்று யார் மேசையில் இருக்கிறதோ.

எழுந்திருக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "முடிவு எந்தத் தேதிக்குள் தெரியும்? யார் எனக்குச் சொல்வார்?" இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரு தேதி, ஒரு பெயர். இரண்டும் கையில் இருந்தால் பிறகு நினைவூட்டுவது நச்சரிப்பு ஆகாது. அவர்கள் கொடுத்த வாக்கை அவர்களுக்கே ஞாபகப்படுத்துவதுதான்.

மறுநாளே ஒரு மெயில். ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், சாரம் இவ்வளவு போதும்: "நேற்றைய சந்திப்புக்கு நன்றி. கழிவைக் குறைப்பது பற்றி நீங்கள் கேட்டதை மறுபடி யோசித்தேன், என் கருத்து இது. முடிவை 15-ஆம் தேதிக்குள் சொல்வதாகச் சொன்னீர்கள், எதிர்பார்க்கிறேன்." புகழ்ச்சி வேண்டாம். 15 தாண்டி இரண்டு நாள் ஆனால் இன்னொரு மெயில், அதே நபருக்கு, நாலே வரி. ஏஜென்சி மூலம் போயிருந்தால் ஏஜென்சிக்காரரிடமும் கேளுங்கள். அவருக்குக் கூலி கொடுப்பது கம்பெனி, நீங்கள் இல்லை என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். அதற்கும் பதில் இல்லையென்றால், பத்து நாள் கழித்து மூன்றாவது மெயில்: "எனக்கு வேறொரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். இல்லையென்றால் என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்." கதவை நீங்களே சாத்துகிறீர்கள். அதற்குப் பிறகு புனேவுக்குப் போவதா என்பதை நிம்மதியாக யோசிக்கலாம்.

ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "சார், எனி அப்டேட்?" என்று கேட்காதீர்கள். எம்.டி.யின் மச்சானைத் தெரிந்தவரைத் தேடிப் போகாதீர்கள். நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமாவும் வேண்டாம், யார் முதுகில் தட்டிச் சொன்னாலும்.

"கேட்டா மரியாதை போயிரும் சார்" என்று ஒருவன் சொன்னான். மளிகைக் கடையில் மிச்சச் சில்லறை கேட்டால் மரியாதை போகிறதா? உன் நேரத்தைக் கொடுத்திருக்கிறாய். கணக்குக் கேட்கிறாய்.

உறவுக்காரர்களுக்கும் ஒன்று. "எல்லாம் சிபாரிசுதான், உனக்கெல்லாம் யார் கொடுப்பா?" என்று கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார வைத்துப் பேசாதீர்கள், மதினிமார்களே. "அந்தச் சென்னை வேலை என்னாச்சு?" என்று பத்துப் பேர் பத்து முறை கேட்டதால்தான் அவன் மூன்று மாதமாக எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. பதில் தெரியாத கேள்விக்கு அவன் எத்தனை பேரிடம் சிரித்துக்கொண்டே நிற்பான்?

ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இந்த வருடத்தில் கடைசிச் சுற்று வரை வரவழைத்து, பதில் சொல்லாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் மெயில் பெட்டியில் தேடிப் பாருங்கள். ஐந்து பேர் இருக்கலாம், பத்து பேர் இருக்கலாம். தாமதமானாலும் பரவாயில்லை, ஆளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். முடிந்தால் போன் செய்யுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதி முடித்தவர்கள் கீழே "முடித்தேன் சார்" என்று போடுங்கள். எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

காத்திருந்த அனுபவம் உள்ளவர்கள் கம்பெனி பெயர் இல்லாமல் பகிருங்கள். அடுத்த புதன்கிழமை எனக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் இருக்கிறது. ஒரு வாரம் போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் எழுதுகிறவர்களுக்கு உடனே பதில் எழுதிவிடுவேன். பிறகு எழுதுகிறவர்கள் மாதக் கடைசி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் எப்படி நடந்தது என்று கேட்க வேண்டுமென்றால் வீட்டுப் போனுக்கு அடியுங்கள், உங்கள் அம்மா எடுப்பார்கள்.